வானம் பார்க்க எதை நிறுவலாம்: ஸ்டெல்லேரியமா, செலஸ்டியாவா, கைபேசிச் செயலியா?

வானம் பார்க்க எந்த மென்பொருள் நல்லது என்று யாராவது கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது எங்கே நின்று பார்க்கப் போகிறீர்கள் என்பதைத்தான். தரையில் நின்று அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு வகை மென்பொருள் இருக்கிறது. பூமியை விட்டுக் கிளம்பி சனிக்கோ வேறொரு நட்சத்திரத்துக்கோ போய்ப் பார்க்க இன்னொரு வகை. பெரிய தொலைநோக்கிகள் எடுத்த படங்களுக்குள் புகுந்து துழாவ மூன்றாவது வகை. மூன்றும் திரையில் கறுப்புப் பின்னணியும் வெள்ளைப் புள்ளிகளுமாகத்தான் தெரியும் என்பதால், எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து ஏதோ ஒன்றை இறக்கிவிடுகிறோம். நினைத்தது அதில் கிடைக்காமல் இரண்டு நாளில் நீக்கியும் விடுகிறோம்.

இன்னொன்று: நட்சத்திர எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அறிமுகப் பக்கங்களில் லட்சம், கோடி என்று அதைத்தான் பெரிதாகப் போடுவார்கள். யேல் பிரகாச நட்சத்திரப் பட்டியலில் மொத்தமே 9,110 பதிவுகள்தான். பூமியைச் சுற்றியுள்ள முழு வானத்திலும் வெறுங்கண்ணுக்கு எட்டக்கூடியவை ஏறக்குறைய அவ்வளவுதான். அதில் பாதி எந்நேரமும் காலுக்குக் கீழே இருக்கும். தொடுவானத்தை ஒட்டியவை காற்றில் மங்கிவிடும். நல்ல இருட்டில் ஒரே பார்வைக்கு இரண்டாயிரம், மூவாயிரம் தெரிந்தால் அதிகம். நகரத்து நடுவில் எண்ணி முடித்துவிடலாம். 1923இல் மியூனிக் நகரின் டாய்ச்சஸ் அருங்காட்சியகத்துக்காக ஸைஸ் நிறுவனம் செய்த முதல் கோளரங்கக் கருவி காட்டியது சுமார் 4,500 நட்சத்திரங்கள். அன்றைக்குப் பார்த்தவர்கள் வாய்பிளக்க அதுவே போதுமானதாக இருந்தது. தொலைநோக்கி வைத்திருப்பவருக்குத்தான் கோடிக்கணக்கு உதவும். மற்றவர்களுக்கு அது வன்தட்டு இடத்தைத் தின்னும் எண், அவ்வளவே.

தரையில் நின்று பார்க்க

இந்த வகையில் ஸ்டெல்லேரியத்துக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு வேறு பெயர் தோன்றவில்லை. ஃபேபியான் ஷெரோ என்ற பிரெஞ்சு நிரலாளர் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. இன்று வரை இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் ஓடும். எதையும் நிறுவ விருப்பமில்லாதவர்கள் உலாவியிலேயே திறந்து பார்க்க ஒரு வலைப் பதிப்பும் உண்டு. செய்கிறவர்கள் அவசரப்படாத ஆட்கள், 1.0 என்று எண் போட்டுக்கொள்ள அவர்களுக்கு 2022 ஆகிவிட்டது.

இடம், தேதி, நேரம் மூன்றையும் கொடுத்தால், அந்த இடத்தில் நின்று அண்ணாந்தால் தெரிகிற வானத்தை அது திரையில் வரைகிறது. சொன்னால் இவ்வளவுதான். ஆனால் நிறுவியதும் அது காட்டுகிற வானம் உங்கள் வானம் அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதலில் தெரிகிற மரங்களும் புல்வெளியும் பிரான்சில் உள்ள ஒரு கிராமத்தின் காட்சி. இடத்தை இணைய இணைப்பை வைத்து ஊகிப்பதால், அது சேவை நிறுவனத்தின் ஊரைக்கூட எடுத்துக்கொள்ளும். வடக்கு தெற்காக 111 கிலோமீட்டர் தள்ளிப்போனால் வானத்தில் ஒரு டிகிரி நகர்ந்துவிடும்; இரண்டு முழுநிலவை ஒட்டி வைத்த அகலம் அது. எஃப்6 விசையை அழுத்தி இடத்தைக் கையால் கொடுத்துவிடுவதே உத்தமம்.

அடுத்து எஃப்4. அதில் வானம் பற்றிய அமைப்புகளில் ஒளி மாசு என்று ஒன்று இருக்கும். ஜான் போர்ட்டில் என்ற அமெரிக்க வானோக்கர் 2001இல் வெளியிட்ட ஒன்பது படி அளவுகோல் அது. ஒன்று என்றால் மாசு மருவற்ற இருள், ஒன்பது என்றால் பெருநகர நடுப்பகுதி. இதை எட்டுக்கு ஏற்றிப் பாருங்கள். பால்வீதி காணாமல் போகும், சின்ன நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அணையும், திரை பரிதாபமாக இருக்கும். ஆனால் மாடியில் ஏறினால் தெரிவது அந்தப் பரிதாபமான வானம்தான். இதைச் செய்யாமல் வெளியே போகிறவர், திரையில் பார்த்த ஆயிரம் புள்ளிகளில் எந்த இருபது மிஞ்சியிருக்கிறது என்று தெரியாமல், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல நிற்பார். ஏ விசையை அழுத்தினால் காற்றுமண்டலம் மறையும், ஜி அழுத்தினால் தரை மறையும். அழகாக இருக்கிறதே என்று இரண்டையும் அணைத்து வைத்துக்கொள்வதும் அதே தொல்லையில்தான் கொண்டுபோய்விடும்.

அளவு விஷயத்திலும் திரை ஏமாற்றும். சப்தரிஷி மண்டலம் மடிக்கணினித் திரையில் உள்ளங்கை அகலம்கூட இருக்காது. வெளியே அது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு சுமார் 25 டிகிரி. கையை நன்றாக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி, ஆக இரண்டரை முஷ்டி. புதிதாகப் பார்க்கிறவர்கள் நட்சத்திரக் கூட்டத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: சின்னதாக ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார்கள், அது தலைக்கு மேல் விரிந்து கிடக்கும். அந்த மண்டலத்தில் துருவ நட்சத்திரத்தைச் சுட்டுகிற இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே மட்டுமே 5 டிகிரி, நீட்டிய கையின் நடு மூன்று விரல்களையும் சேர்த்து வைத்த அகலம். ஸ்டெல்லேரியத்தில் உள்ள கோண அளவுக் கருவியைத் திரையில் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வெளியே போனால் இந்தக் குழப்பம் வராது.

காலத்தை ஓட்டுவது ஸ்டெல்லேரியத்தின் இன்னொரு பலம். எல் விசை வேகமாக்கும், ஜே பின்னோக்கி இழுக்கும், கே இயல்பு வேகத்துக்குக் கொண்டுவரும். எஃப்5 தேதியைக் கேட்கும். இடத்தை இத்தாலியின் படுவா நகரம் என்றும், தேதியை 1610 ஜனவரி 7 மாலை என்றும் வைத்து வியாழனை நெருங்கிப் பாருங்கள். கலிலியோ அன்றிரவு குறித்துவைத்தது மூன்று சிறு புள்ளிகள்: கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று. வியாழனின் பெரிய துணைக்கோள்கள் நான்காயிற்றே? திரையில் பெரிதாக்கிக்கொண்டே போனால் விடை தெரியும். கிழக்கே இருந்த ஒரு புள்ளி உண்மையில் ஐயோ, யூரோப்பா என்ற இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவருடைய கருவியால் அவற்றைப் பிரிக்க முடியவில்லை. அப்படியே 1612 டிசம்பர் 28க்கு வந்தால், வியாழனுக்குப் பக்கத்தில் நெப்டியூன் நிற்கும். கலிலியோ அதையும் ஒரு நட்சத்திரமாக எண்ணிக் குறித்துவைத்தார். அது கோள் என்று உலகம் அறிந்தது 1846இல்.

பழங்காலத்துக்குப் போகிறவர்கள் ஆண்டு எண்ணில் கவனமாக இருக்க வேண்டும். வானியல் கணக்கில் பூஜ்ஜியம் என்று ஓர் ஆண்டு உண்டு, வரலாற்றுக் கணக்கில் கிடையாது. கி.மு. 585 மே 28 சூரிய கிரகணத்தைப் பார்க்க வேண்டுமானால் ஆண்டுக் கட்டத்தில் கழித்தல் 584 என்று கொடுக்க வேண்டும். 585 என்று கொடுத்துவிட்டு மென்பொருள் தப்பு என்று சண்டைக்குப் போவோர் உண்டு. 1582 அக்டோபருக்கு முந்தைய தேதிகள் ஜூலியன் நாள்காட்டியில் வரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பழங்காலத்தில் அதற்கொரு குறையும் இருக்கிறது. கோள்களின் இருப்பிடத்துக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்னும் பின்னும் நம்பலாம், அதற்கு அப்பால் திரை காட்டும் துல்லியம் வெறும் தோற்றம். சிறுகோள்களில் இன்னும் சீக்கிரம் பிசகும். அபோஃபிஸ் என்ற சிறுகோள் 2029 ஏப்ரல் 13 அன்று பூமியின் மேற்பரப்பிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்துபோகும். சூரியனை மட்டும் கணக்கில் வைத்து நீள்வட்டம் போடுகிற எந்த மென்பொருளும் அந்த நாளுக்கும் அதற்குப் பிறகும் அதைத் தப்பான இடத்தில்தான் காட்டும். ஏனென்றால் பூமியின் ஈர்ப்பு அந்தப் பாதையையே வளைத்துவிடும். அப்படிப்பட்ட கணக்குகளுக்கு நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் நடத்தும் ஹொரைசன்ஸ் சேவைதான் சரி. அதில் படம் வராது, எண்கள்தான் வரும்.

கைபேசியை வானத்துக்கு நேரே பிடித்தால்

ஸ்கை மேப், ஸ்கைசஃபாரி, ஸ்டெல்லேரியத்தின் கைபேசிப் பதிப்பு எல்லாமே ஒரே வேலையைச் செய்கின்றன: கைபேசியை உயர்த்திப் பிடித்தால் அந்தத் திசையில் இருப்பதன் பெயரைச் சொல்லும். ஸ்கை மேப் 2009இல் கூகுளில் பிறந்து பிறகு திறமூலமானது, எளிமையானது, இலவசம். ஸ்கைசஃபாரி கட்டணச் செயலி, ஆனால் தொலைநோக்கியோடு இணைக்கவும் பார்த்ததைக் குறித்துவைக்கவும் அதில் வசதி அதிகம்.

"அதோ பளிச்சென்று தெரிகிறதே, அது என்ன?" என்ற கேள்விக்குக் கைபேசியை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் அது திசையை அறிவது உள்ளே திசைகாட்டி போல வேலை செய்யும் காந்தமானியால். கார் கூரை, இரும்புக் கைப்பிடி, காந்தப் பூட்டு வைத்த கைபேசி உறை என்று எது பக்கத்தில் இருந்தாலும் திசை கோணிக்கொள்ளும். வெள்ளியைக் காட்டினால் திரையில் வெள்ளி ஒரு முஷ்டி தள்ளி நிற்கும். எட்டு வடிவத்தில் கைபேசியைச் சுழற்றினால் ஓரளவு சரியாகும். தெரிந்த ஒரு பொருளை, நிலவையோ வியாழனையோ, முதலில் காட்டிப் பிசகு எவ்வளவு என்று பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. சிவப்புத் திரை அமைப்பையும் மறக்காமல் போடுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடமாகும். வெள்ளைத் திரையை ஒருமுறை பார்த்தால் அத்தனையும் வீண்.

கைபேசியால் வானத்தைக் கற்க முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பெயரை அதுவே சொல்லிவிடுவதால் நாம் நினைவில் வைப்பதில்லை. இரண்டில் ஒன்றுதான் என்றால் மாலையில் கணினியில் பத்து நிமிடம் ஸ்டெல்லேரியத்தைப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு வெளியே போவதையே சொல்வேன்.

பூமியை விட்டுக் கிளம்ப

செலஸ்டியாவை கிறிஸ் லாரல் 2001இல் வெளியிட்டார். இதுவும் இலவசம். இதில் தரை கிடையாது. நீங்கள் விண்வெளியில் மிதக்கிறீர்கள். எந்தப் பொருளின் பெயரைக் கொடுத்து ஜி அழுத்தினாலும் அங்கே போய்விடலாம். ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் தூரம் அளந்த 1,18,000 சொச்சம் நட்சத்திரங்கள் இதன் அடிப்படை. ஸ்டெல்லேரியத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனால் இங்கே ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஆழம் உண்டு, அதுதான் வித்தியாசம்.

ஆல்ஃபா சென்டாரிக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். 4.3 ஒளியாண்டு என்பது நட்சத்திரக் கணக்கில் அடுத்த வீடு. அதனால் பெரும்பாலான நட்சத்திரக் கூட்டங்கள் அங்கிருந்தும் அப்படியே தெரியும். காசியோப்பியாவின் கோணல் கோடு மட்டும் ஒரு நட்சத்திரம் நீண்டிருக்கும். கூடுதலாக வந்த அந்த மஞ்சள் புள்ளி நம் சூரியன். இன்னும் சில நூறு ஒளியாண்டு தள்ளிப் போனால் ஓரியன் கலைந்துவிடும். தரையிலிருந்து ஒரே பலகையில் பதித்தது போலத் தெரிகிற அந்த நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தூரங்களில் இருப்பதை இதைவிட எளிதாகக் காட்ட வழியில்லை. சப்தரிஷியின் ஏழில் ஐந்து மட்டும் ஏறத்தாழ 80 ஒளியாண்டில் ஒன்றாக நகர்வதும், இரு முனைகளிலும் உள்ள இரண்டு தனியே விலகி நிற்பதும் இதே வழியில் புரிந்துவிடும்.

வேகத்தை எஃப்4 விசையில் ஒளிவேகத்துக்கு வைத்து, சூரியனிலிருந்து பூமியை நோக்கிக் கிளம்பினால் எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். திரையில் எதுவுமே நடக்காது. பள்ளிப் பாடத்தில் ஒளியின் வேகத்தை மனப்பாடம் செய்தவர்களை இந்த எட்டு நிமிடம் உட்கார வைத்துப் பாருங்கள். பொறுமை போனதும் எஃப்7 அழுத்தினால் நொடிக்கு ஓர் ஒளியாண்டு.

குறை என்றால், இன்றிரவு என்ன தெரியும் என்ற கேள்விக்கு செலஸ்டியா சரிப்படாது. தரையில் இறங்கி அண்ணாந்து பார்க்கலாம்தான், ஆனால் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. தூரங்களையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. திருவாதிரைக்கு ஹிப்பார்கோஸின் 1997 பட்டியல் தந்த தூரம் சுமார் 430 ஒளியாண்டு. பிந்தைய மதிப்பீடுகள் ஏறக்குறைய 500க்கும் 700க்கும் இடையில் அலைகின்றன. தள்ளியிருக்கும் பிரகாசமான நட்சத்திரங்களில் இப்படித்தான் இருக்கும்.

இதைவிடப் பெரிய தரவோடு பறக்க வேண்டுமென்றால் கையா ஸ்கை இருக்கிறது. 2013இல் ஏவப்பட்ட கையா செயற்கைக்கோளின் அளவீடுகளை வைத்து ஹைடெல்பெர்கில் உருவாக்கியது. 2022இல் வந்த கையாவின் மூன்றாம் வெளியீட்டில் சுமார் 180 கோடிப் பொருள்கள் உள்ளன. ஆனால் முழுத் தொகுப்பையும் ஏற்றச் சாதாரண மடிக்கணினி முக்கும்; சிறிய தொகுப்பிலிருந்து தொடங்குங்கள்.

ஸ்பேஸ்எஞ்சின் பற்றி ஓர் எச்சரிக்கை. பார்க்க இவை எல்லாவற்றையும்விடக் கண்ணைப் பறிப்பது அதுதான், அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். ஆனால் தரவு இல்லாத இடங்களை அது கணித விதிகளால் தானே கற்பனை செய்து நிரப்புகிறது. நீங்கள் இறங்கிப் பார்க்கும் பனிமலைக் கோள் உண்மையில் இருப்பதாக யாரும் கண்டுபிடித்ததில்லை. வயது வந்தவர் ஆசைக்குப் பார்க்கட்டும். பிள்ளைக்கு முதல் மென்பொருளாக அதைக் கொடுக்க மாட்டேன்; எது அளந்தது, எது வரைந்தது என்று பிரிக்க அந்த வயதில் தெரியாது.

படங்களுக்குள் போக

மூன்றாவது வகைக்கு நீண்ட பேச்சு தேவையில்லை. வேர்ல்ட்வைட் டெலஸ்கோப் 2008இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவிலிருந்து வந்தது, 2015இல் திறமூலமானது, பிறகு அமெரிக்க வானியல் கழகத்தின் பொறுப்புக்குப் போனது. உலாவியிலேயே ஓடும். 1054இல் வெடித்த நட்சத்திரத்தின் மிச்சமான நண்டு நெபுலாவை முதலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வைத்து, எக்ஸ் கதிருக்கு மாற்றிப் பாருங்கள்; நாரும் புகையுமாக இருந்தது மறைந்து நடுவில் சுழலும் பம்பரம் போன்ற ஒன்று வெளிப்படும். ஸ்ட்ராஸ்பர்க் வானியல் தரவு மையத்தின் அலாடின் இதே வேலையை ஆய்வாளர்களின் தேவைக்குச் செய்கிறது. அதன் லைட் பதிப்பு யாருக்கும் எளிது. இவற்றை வைத்து இரவு வானத்தில் எதையும் கண்டுபிடிக்கக் கிளம்பாதீர்கள். அவை காட்டுவது மணிக்கணக்கில் ஒளி சேர்த்த படங்களை.

தொலைநோக்கி இருந்தால், அல்லது வாங்கப்போவதாக இருந்தால்

கருவியை மென்பொருளால் இயக்கிப் படம் எடுக்கிறவர்களுக்கு கேஸ்டார்ஸ். அதற்குள் இருக்கும் எகோஸ் என்ற பகுதி தொலைநோக்கி, கேமரா, குவியத்தைச் சரிசெய்யும் கருவி எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து ஓட்டும். சிறிய ராஸ்ப்பெர்ரி பை கணினியில் ஏற்றித் தொலைநோக்கியின் காலில் கட்டிவைப்போர் அதிகம். படம் எடுக்காதவருக்கு இதன் பட்டன்கள் மிரட்டலாகத்தான் இருக்கும். காகிதத்தில் அச்சடித்து எடுத்துப்போக வரைபடம் வேண்டுமானால் பேட்ரிக் ஷெவாலேயின் கார்ட் டு சியேல். பழைய கணினியிலும் சலிக்காமல் ஓடும்.

வாங்கலாமா என்று யோசிக்கும் கட்டத்தில் இருப்பவருக்கு ஸ்டெல்லேரியத்துக்குள்ளேயே ஒரு பிளக்-இன் (கூடுதல் வசதி) இருக்கிறது, பலர் அதைத் திறப்பதே இல்லை. தொலைநோக்கியின் குவிய நீளத்தையும் ஐபீஸின் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையின்) குவிய நீளத்தையும் கொடுத்தால், அதன் வழியே தெரியும் வட்டத்தை மட்டும் காட்டும். 1,200 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் 25 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டால் 48 மடங்கு பெருக்கம். 50 டிகிரி தோற்றப் புலம் (ஐபீஸுக்குள் கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் அகலம்) உள்ள ஐபீஸானால் வானத்தில் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல் தெரியும். நிலவு அந்த வட்டத்தின் பாதியில் தாராளமாக உட்காரும். சனியின் வளையம் சின்னதாக, ஆனால் தெளிவாகத் தெரியும். ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தின் நீளம் சுமார் 3 டிகிரி என்பதால் அதன் நடுப்பகுதி மட்டும்தான் உள்ளே வரும், மிச்சத்துக்குக் குழாயை நகர்த்த வேண்டும். நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் படம் தலைகீழாக வரும். திரையையும் அதே மாதிரி திருப்பிவைக்க அமைப்பு இருக்கிறது. விற்பனைப் பெட்டியில் அச்சிட்ட வண்ணப் படத்துக்குப் பதில் இந்த வட்டத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.